850 என்னும் பொய்க் கணக்கு

'கெட்', 'டேக்', 'புட்', 'கிவ்' என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வினைகளைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆங்கிலம் கைவந்துவிடும் என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரங்கள் சொல்கின்றன. இது புதுச்சரக்கல்ல. 1930இல் சி.கே. ஆக்டன் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தின் அடித்தளமே இதுதான். மொத்தம் 850 சொற்கள். அவற்றில் வினைகள் 18 மட்டுமே. மற்ற வினைகளின் வேலையை இவையும் 'அப்', 'ஆஃப்', 'இன்' போன்ற துணைச்சொற்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் என்றார் ஆக்டன். அவர் பெயரைச் சொல்லியே இந்த வழியை நியாயப்படுத்துவோரும் இருக்கிறார்கள்.

திட்டத்தில் நல்லது இல்லாமலில்லை. அந்த வினைகள் இல்லாமல் ஆங்கிலத்தில் பேச்சே நடக்காது. சொல் பகட்டை உரித்துக் கருத்தைச் சோதிக்க அது நல்ல பயிற்சி. அதனால்தான் வில்லியம் எம்ப்சன் போன்ற கூர்மையான விமர்சகர் அதன் பக்கம் நின்றார். 1943இல் ஹார்வர்டில் சர்ச்சிலும் அதைப் பாராட்டிப் பேசினார்.

ஆனால் 850 என்ற கணக்கு பொய். 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்தால் 'பொறுத்துக்கொள்வது' என்ற பொருள் எங்கிருந்து வருகிறது? 'வித்' இல்லாமல் 'புட் அப்' மட்டும் வந்தால் விருந்தாளியைத் தங்கவைப்பதாகலாம். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. ஒருவருக்கு வெறுப்பு உண்டாக்குவதும் அதுவே. 'கிவ் இன்' பணிந்துபோவது, 'கிவ் அவே' இலவசமாகக் கொடுப்பது, ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பது. 'டேக் இன்' அடைக்கலம் தருவதையும் குறிக்கும், ஏமாற்றுவதையும் குறிக்கும். 'டேக் ஆஃப்' என்றால் செருப்பைக் கழற்றலாம், விமானம் கிளம்பலாம், இங்கிலாந்தில் ஒருவரைப் போல நடித்துக் கேலியும் செய்யலாம். இவை ஒவ்வொன்றும் தனிச்சொல்லாகவே மனத்தில் ஏறவேண்டும். பட்டியலில் எண்ணப்படாததால் இந்தச் சுமை இல்லாமல் போய்விடாது. ஆக்டனே 1932இல் 'த பேசிக் வேர்ட்ஸ்' என்று தனி நூல் போட்டு அந்த 850 சொற்களின் பயன்பாடுகளை விரித்துரைக்க வேண்டியிருந்தது.

வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்து அனுபவப்பட்ட மைக்கேல் வெஸ்ட் 1934இலேயே சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இத்திட்டத்தை விரிவாக மறுத்தார். 1953இல் அவர் வெளியிட்ட 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' சுமார் 2,000 சொற்களைத் தந்ததோடு, ஒரு சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் காட்டியது. கற்பவரின் பாரத்தை மறைக்காத கணக்கு அதுதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆக்டன் வழி இன்னும் கடினம். பாடநூல், செய்தித்தாள், அலுவலகக் கடிதம் வழியாக ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள் இவர்கள். 'போஸ்ட்போன்' இவர்களுக்குப் பழகிய சொல். அதற்குப் பொருளும் ஒன்றுதான். 'டாலரேட்' என்பதும் அப்படியே. அந்தத் தெளிவான சொற்களைப் பிடுங்கிவிட்டு, ஆங்கிலேயக் குழந்தை தாய்மடியில் குரலோடும் முகபாவத்தோடும் வாங்கிக்கொண்ட 'புட் ஆஃப்', 'புட் அப் வித்' இரண்டையும் எளிது என்று கையில் திணிக்கிறோம். அவை எளிது என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் பார்வை. கேட்டுப் புரிந்துகொள்ள இவை வேண்டும், சந்தேகமில்லை. அது ஆண்டுக்கணக்கில், படித்தும் கேட்டும், சூழலோடு வரவேண்டியது. சிறிய சொல் என்பதால் சீக்கிரம் வரும் என்று ஆசை காட்டிக் காசு வாங்குவது அநியாயம். மூன்று மாதம் கழித்து வாய் திறக்க வராதபோது அந்தப் பிள்ளை பாடத்திட்டத்தைக் குறை சொல்வதில்லை, தன் மூளையைத்தான் நொந்துகொள்கிறது.

வகுப்பில் பணம் கட்டும் பெற்றோர் எத்தனை சொற்கள் கற்றுத்தருவீர்கள் என்று கேட்க வேண்டாம். 'டேக்' என்ற ஒரு சொல்லின் எத்தனை பொருள்களை, எந்த வாக்கியங்களில் வைத்து, எத்தனை நாளில் கற்றுத்தருவீர்கள் என்று கேளுங்கள்.