ஒப்பந்தம் படிக்கும் ஏஐ: கண் கூர்மை, சட்டம் அரைகுறை

வேலை கிடைத்த மகிழ்ச்சியில், பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் வரும் பணி ஒப்பந்தத்தை யாரும் வரி விடாமல் படிப்பதில்லை. சென்னையில் மென்பொருள் வேலையில் சேரவிருக்கும் உறவுக்காரப் பெண்ணின் ஒப்பந்தத்தை, பெயர், சம்பளம், நிறுவன அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஏஐ உரையாடல் செயலி ஒன்றில் ஏற்றிப் பார்த்தேன்.

தேடிப் பிடிப்பதில் அது கெட்டி. வேலையை விட ஊழியர் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும், நிறுவனத்துக்கு 30 நாள் போதும் என்ற ஏற்றத்தாழ்வை உடனே காட்டியது. இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று நடுவில் ஒரு பிரிவு. தொகையோ கடைசி இணைப்பில். இரண்டையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தது. ‘இதில் எது சொல்லப்படவில்லை?’ என்று கேட்டபோது வந்த பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது: நிறுவனமே வேலையைவிட்டு நீக்கினால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டுமா என்பது எங்கும் இல்லை.

சறுக்கியது சட்டத்தில். விலகிய பின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை, ‘கால அளவு நியாயமானது, செல்லும்’ என்றது. அது அமெரிக்காவின் பல மாநிலங்களில் பார்க்கப்படும் அளவுகோல். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 27ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு இப்படித் தடுப்பது செல்லாது. ஓராண்டா, ஆறு மாதமா என்பது பொருட்டே அல்ல. பிரிவைச் சொல்லிக் கேட்ட பிறகே செயலி பதிலை மாற்றியது. இதை நம்பி, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ‘பாண்ட்’ நிபந்தனையும் செல்லாது என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

செயலி தீர்ப்புகளின் பெயர்களைச் சொன்னால், அவை உண்மையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

முதல் வாசிப்புக்கு இந்தச் செயலியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ‘இந்தியச் சட்டப்படி’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது காட்டும் ஒவ்வொரு சிக்கலுக்கும் பிரிவு எண்ணையும் மூல வாசகத்தையும் கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.