சுற்று மூடியதா?

மின்கலத்தை மேசைமேல் வைத்தால் மட்டும் விளக்கு எரியாது. சுற்று மூடினால்தான் மின்னோட்டம் பாயும். கணிப்பொறி அறிவைப் பரப்பும் அரசுத் திட்டங்களையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

நம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. ஏழை வீட்டிலும் கணினி நுழைந்தது; நன்மையே. 2017-இல் மத்திய அரசு கிராமங்களுக்கென டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கொணர்ந்தது. வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி, இலக்கு 6 கோடிப் பேர். 2024 மார்ச்சில் அது முடிந்தபோது சுமார் 6.39 கோடிப் பேர் பயின்றிருந்தனர் என்பது அரசின் கணக்கு. பயிற்சி முடிவில் தேர்வும் உண்டு. ஆனால் கற்றது ஓராண்டு கழித்தும் கைகொடுக்கிறதா? தலைகளை எண்ணும் கணக்கு அதைச் சொல்லாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவுகோல் வேறு. கடந்த 3 மாதங்களில் இணையத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று 16 முதல் 74 வயதுள்ளோரைக் கேட்கிறார்கள். 2030-க்குள் 80 விழுக்காட்டினர் அடிப்படைத் திறன் பெற வேண்டும் என்பது இலக்கு. 2023-இல் கண்டதோ சுமார் 56 தான். தன் குறையைத் தானே காட்டும் அளவுகோல் நமக்கும் வேண்டும்.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வேலை தேடும் இளைஞர் இணைய விண்ணப்பத்தைத் தாமே நிரப்புகிறாரா, காசு கொடுத்துப் பிறரை நிரப்பச் சொல்கிறாரா? மாணவர்களே, உங்கள் தெருவில் பத்து வீடுகளில் கேட்டுக் குறித்துப் பாருங்கள். சுற்று எங்கே அறுந்திருக்கிறது என்பது தெரியும்.