ஆற்றுப்படையும் ஐரோப்பியப் பயணமும்

ஆயர் ஈத்தாம் ஒரு சந்தி. ஜொகூர் மாநிலத்தில், வடக்கே யோங் பெங்கிலிருந்து தெற்கே ஜொகூர் பாருவை நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையும், மேற்கே பத்து பகாட்டிலிருந்து கிழக்கே குளுவாங் செல்லும் சாலையும் கூடுமிடத்தில் அமைந்தது அவ்வூர். மலாய் மொழியில் அதன் பெயருக்குக் ‘கருநீர்’ என்பது பொருள். வடக்கு–தெற்கு விரைவுச்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும் வரையில், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகள் அங்கே நின்று இளைப்பாறின. பயணிகள் பசியாறினர், சாலையோரக் கடைகளில் அடுக்கியிருந்த மட்பாண்டங்களை விலை பேசினர், மீண்டும் வண்டியேறினர். அவ்வூரைக் கடந்தோர் பல்லாயிரவர். கண்டோர் எத்தனை பேர் என்பது வேறு வினா.

கடத்தல் வேறு, காண்டல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே பயண இலக்கியத்தின் முதற்பணி. தமிழில் ஐரோப்பாவைப் பற்றி எழுந்த பயண நூல்களையும் கட்டுரைகளையும் மதிப்பிட முற்படுவோர், இவ்வொரு வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

இன்று இம்மதிப்பீடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த ஐரோப்பியப் பயணம், பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேமித்த ஆசிரியர் குடும்பத்துக்கும் எட்டுவதாயிற்று. எங்கே செல்வது, எதை விடுவது என்னும் தேர்வு அவர்கள் முன் நிற்கிறது. அத்தேர்வைப் பெரும்பாலும் செய்துவிடுவது பயண நிறுவனத்தின் விளம்பரத்தாள். சில நாளில் பல நாடு என்று அது அடுக்கும். பாரிசில் ஒரு கோபுரம், சுவிட்சர்லாந்தில் ஒரு பனிமலை, வெனிசில் ஒரு படகு, ரோமில் ஓர் அரங்கம் என ஒவ்வோர் ஊரும் ஒரு படமாகச் சுருங்கிவிடும். விளம்பரத்தாள் வணிகர் எழுதுவது. அதனைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் தமிழிற் பயணக் கட்டுரை எழுதுவோரும் அத்தாளின் வரிசையையே பின்பற்றினால், அது குறைகூறத் தக்கதே.

பட்டியல் எழுத்து

வார இதழ்ப் பயணத் தொடர்கள் தமிழர்க்கு நன்மை செய்தன என்பதை மறுத்தற்கில்லை. ஊரெல்லை தாண்டாதவரும் தேம்சு ஆற்றின் பாலங்களைப் பெயர் சொல்லி அறிந்தது அத்தொடர்களால் அன்றோ? எனினும் அவற்றைப் பின்பற்றி எழுந்த கட்டுரைகள் பலவற்றில் ஒரே அமைப்பைக் காணலாம். விமானம் ஏறியது, குளிரால் நடுங்கியது, சோற்றுக்கு அலைந்தது, கோபுரத்தின் உயரம், கட்டிய ஆண்டு, ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்னும் முடிவு. இவற்றுள் உயரமும் ஆண்டும் கலைக்களஞ்சியத்திலேயே கிடைப்பவை. கண் கோடி வேண்டும் என்பவர், தமக்கு வாய்த்த இரு கண்ணால் கண்டது யாதென்று சொல்லாமல் முடித்துவிடுகிறார்.

பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மோனா லிசா ஓவியம் ஏறத்தாழ 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதன் முன் நாள்தோறும் கூடும் கூட்டத்தில், பின்னே நிற்பவர்க்கு முன்னே நிற்பவரின் தலைகளே பெரிதும் புலப்படும். ‘மோனா லிசாவின் புன்னகையில் மயங்கினேன்’ என்று எழுதுவோர் இச்செய்தியையும் எழுதினால், அடுத்துச் செல்பவர் அடுத்த கூடத்தில் ஆளின்றி இருக்கும் ஓவியம் ஒன்றின் முன் அமைதியாக அரைமணி நேரம் நிற்கக் கூடும். எழுதாமையால் அவரும் அதே கூட்டத்திற் சேர்கிறார். இதுவே பட்டியல் எழுத்தால் விளையும் கேடு.

ஆற்றுப்படை தரும் அளவுகோல்

இக்கேட்டினைத் தீர்க்கும் மருந்தைத் தமிழர் வெளியே தேட வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. வளம் பெற்று மீள்பவன், பெறாது வருந்தி எதிர்வருபவனுக்குத் தான் சென்ற வழியைச் சொல்லுதல் அதன் இலக்கணம் எனத் தொல்காப்பியம் வகுக்கும். ‘சென்றேன், கண்டேன், வியந்தேன்’ என்பதோடு நில்லாமல், ‘நீ செல்லும்போது இவ்வாறு செல்’ என்று கேட்பவனை நோக்கிப் பேசுவது அவ்விலக்கணத்தின் உயிர்.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் வழியை நோக்குக. எயிற்பட்டினத்தில் நுளையர் சுட்ட மீன் தருவர். வேலூரில் எயிற்றியர் புளிங்கறியிட்ட சோறும் ஆமான் சூடும் அளிப்பர். ஆமூரில் உழவர் மகளிர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு படைப்பர். மூன்று ஊர், மூன்று நிலம், மூன்று உணவு. ஊரின் பெயரைச் சொன்னதோடு புலவர் அமையவில்லை. அங்கே வாழ்வோர் யாவர், அவர் கைப்பட்ட உணவு யாது என்பதை வைத்து ஓர் ஊரை மற்றோர் ஊரினின்றும் பிரித்துக் காட்டுகிறார்.

மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் மலைவழியின் இடர்களை ஒளிக்காது சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் இரவிற் செல்லாதீர், விடிந்தபின் செல்லுங்கள். பாம்பு ஒடுங்கும் குழிகளைக் குறிப்பறிந்து விலகுங்கள். யானையை ஓட்டக் குறவர் எறியும் கவண்கல் வரும், மரத்தின் மறைவிற் செல்லுங்கள் என்கிறார். புதியவர் மயங்கும் சந்திகளில், பின்வருவோர் வழிதவறாதபடி இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்றும் கூறுகிறார். இவ்வொரு செய்தியில் பயண இலக்கியத்தின் அறம் முழுதும் அடங்கிவிடுகிறது. முன் சென்றவன் சந்தியில் நின்று பின் வருபவனை நினைத்தல் வேண்டும்.

ஆகவே ஐரோப்பியப் பயண நூல் ஒன்றைக் கையிலெடுக்கும் தமிழாசிரியர் ஐந்து வினாக்களை எழுப்பலாம். நூல் வழி சொல்கிறதா? காலம் சொல்கிறதா? இடர் சொல்கிறதா? அங்கே வாழும் மக்களைக் காட்டுகிறதா? ஆசிரியர் பெற்று மீண்ட பரிசில் யாதென விளங்குகிறதா?

நோக்கோடு சென்றவர்

இவ்வளவையால் அளக்குங்கால் சில பெயர்கள் மேலெழுகின்றன. ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய ஏ. கே. செட்டியார் அவர்களுள் முதல்வர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக, சிதறிக்கிடந்த பழைய படச்சுருள்களைத் தேடி அவர் நாடு நாடாக அலைந்தார். படம் 1940இல் வெளிவந்தது. எந்த ஊருக்குச் செல்வது என்பதை அவருக்கு அவர் தேடிய பொருளே முடிவு செய்தது. அவர் உரைநடையின் சுருக்கமும், தம்மையே எள்ளிக்கொள்ளும் நகைச்சுவையும், கட்டடத்தினும் மனிதரை மிகுதியாக நோக்கும் இயல்பும் இத்தேடலோடு ஒட்டியவை. வேலையாகச் செல்பவனுக்கு வியப்புச் சொற்களை அடுக்க நேரமில்லை.

மலேசியத் தமிழர்க்கு மிக நெருங்கிய சான்று தனிநாயக அடிகள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்கு 1961 முதல் தலைமை தாங்கி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய அவர், ‘ஒன்றே உலகம்’ என்னும் பயண நூலின் ஆசிரியரும் ஆவார். ரோமுக்குச் செல்வோர் வத்திக்கானின் ஓவியக் கூரையை அண்ணாந்து பார்த்து மீள்வர். அடிகளோ 1954இல் வத்திக்கான் நூலகத்தில், 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைக் கண்டெடுத்தார். அதன் மறுபதிப்பு 1966இல் கோலாலம்பூரிலேயே வெளியாயிற்று. லிசுபன் நகரில் 1554இல் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலின் அருமையையும் அவர் தமிழுலகுக்கு உணர்த்தினார். ஐரோப்பாவிலிருந்து அவர் கொணர்ந்த பரிசில் இன்றும் தமிழாராய்ச்சிக்குப் பயன்படுகிறது.

தி. ஜானகிராமனின் ‘கருங்கடலும் கலைக்கடலும்’ வேறொரு வகையிற் பாராட்டத்தக்கது. ஐரோப்பா என்றால் இலண்டனும் பாரிசும் என்றிருந்த தமிழ் வாசகர்க்கு, அது கிழக்கு ஐரோப்பாவின் வாயிலைத் திறந்தது. பலர் செல்லும் வழியினின்றும் விலகிச் செல்லுதலும் ஒரு தேர்வே என்பதை அந்நூலின் தலைப்பே உணர்த்தும்.

இயற்கையை நாடுவோர்

இங்கே ஒரு தடை எழலாம். விடுமுறைக்குச் செல்வோர் எல்லாரும் ஆராய்ச்சியாளரா? ஆண்டு முழுதும் வகுப்பறையில் உழைத்தவர் பனிமலையைப் பார்த்து மகிழ்ந்தால் போதாதா? தடை நியாயமானது. அழகைக் கண்டு மகிழ்தல் தன்னளவிலேயே பயன் என்பதை ஆற்றுப்படைப் புலவரும் அறிவர். மலையில் எழும் பல்வகை ஒலிகளை யானையின் மதமாக உருவகித்து அதனாலேயே பெயர் பெற்ற பாட்டு மலைபடுகடாம். ஆனால் அப்புலவர் ‘மலை அழகியது’ என்று சொல்லி நிறுத்தவில்லை. அருவியின் ஒலியையும் விலங்கின் ஒலியையும் உழைக்கும் மக்களின் ஒலியையும் தனித்தனியே கேட்டுச் சொன்னார். இயற்கையை நாடிச் செல்பவர்க்கும் ஆயத்தம் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாயத்தத்துள் தலையாயது காலம். நிலநடுக்கோட்டை அடுத்து வாழும் மலேசியர்க்குப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒத்த அளவின. திசம்பர் பிற்பகுதியில் கோபன்ஹேகன் சென்றால், மாலை 4 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவதைக் கண்டு திகைப்பர். மலர் நிறைந்த ஆல்ப்சு மலைச்சரிவைப் படத்திற் பார்த்து ஆண்டிறுதியிற் புறப்படுவோர் காண்பது பனியையே. அம்மலர்களுக்குரிய காலம் சூனும் சூலையும். ஆண்டிறுதியில்தான் செல்ல இயலும் என்போர் ரோம், லிசுபன் முதலிய தென்னகரங்களையோ, கூரைக்குக் கீழே காணத்தக்க அருங்காட்சியகங்களையோ தேர்தல் நன்று. முதல், கரு, உரி எனப் பிரித்து, நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாக வைத்த இலக்கணத்தைக் கற்பிப்போர்க்கு இது புதிய பாடமன்று.

கூட்டமும் ஓர் இடரே. 2024இல் வெனிசு நகரம், ஒருநாள் வந்து திரும்புவோரிடம் குறிப்பிட்ட சில நாள்களில் நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. விருந்தினரைக் கட்டணத்தால் அளவுபடுத்த ஓர் ஊர் முற்படுமாயின், அதன் மக்கள் எத்துணை நெருக்கடிக்கு ஆளாயினர் என்பதை எண்ணுதல் வேண்டும். விருந்தினரின் மகிழ்ச்சியை மட்டும் எழுதி, ஊராரின் வருத்தத்தை விடும் பயணக் கட்டுரை அரைக் கட்டுரையே.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வழி

அங்ஙனமாயின், ஆயர் ஈத்தாமிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் ஐரோப்பாவில் எவ்வூரைத் தேர்வது? விடை அவ்வூர்ச் சாலையோரத்திலேயே அடுக்கி வைக்கப்பட்டுள்ளது.

அங்குள்ள மட்பாண்டத் தொழில் சீன மரபில் வந்தது. சீனப் பாண்டங்களுக்கு ஐரோப்பாவும் ஒருகாலத்தில் ஏங்கி நின்றது. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரக் குயவர், சீனத்து நீல–வெள்ளைப் பாண்டங்களைப் போலவே செய்ய முயன்றனர். சீனக் களிமண்ணின் கமுக்கம் அவர்க்குக் கிட்டவில்லை. தம் நாட்டு மண்ணைச் சுட்டு, அதன்மேல் வெள்ளீயம் கலந்த வெண்பூச்சிட்டு, நீல ஓவியம் தீட்டினர். உண்மையான பீங்கான் செருமனியின் மைசன் நகரத் தொழிற்சாலையில் 1710க்குப் பின்னரே உருவாயிற்று. பாண்டம் வனையும் கையைத் தன் ஊரிலேயே உற்றுநோக்கிய மாணவன் டெல்ஃப்ட் செல்வானாயின், அங்குள்ள தட்டு ஒன்றைக் கண்டதும் பத்து வினாக்கள் கேட்பான். அவ்வாறு நோக்காதவனுக்கு அது நீலத் தட்டு மட்டுமே.

டெல்ஃப்ட்டிலிருந்து ஒரே நாளில் சென்று மீளத்தக்க அண்மையில் உள்ளது லெய்டன் நகரம். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அச்செய்தியைப் பொறித்த செப்பேடுகள் நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால், அந்நகரின் பெயராலேயே வழங்கலாயின. கடாரம் என்பது இன்றைய கெடா. மலேசியத் தமிழர் தம் நாட்டுக்கும் சோழநாட்டுக்கும் இருந்த உறவை எண்ணிப் பார்க்க, இதனினும் தக்க ஐரோப்பிய நகரம் அரிது. ஓர் இடரும் சொல்லவேண்டும். ஏட்டையும் செப்பேட்டையும் வழிப்போக்கர்க்கு எடுத்துக்காட்டும் வழக்கம் நூலகங்களுக்கு இல்லை. எது எங்கே உள்ளது, காண இயலுமா என்று முன்னரே எழுதிக் கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

இவ்விரு நகரங்களும் எல்லார்க்கும் உரியவை என்பதன்று கருத்து. இசையில் ஈடுபட்டவர் வியன்னாவையும், தரங்கம்பாடியை அறிந்தவர் 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் பொன்னோலையில் விடுத்த மடலைக் காக்கும் கோபன்ஹேகனையும் தேரலாம். தேர்வு தன் ஊரிலிருந்தும் தன் வினாவிலிருந்தும் தொடங்குதல் வேண்டும் என்பதே கருத்து.

இதன் பயன் பயணத்தோடு முடிவதன்று. பள்ளிகளில் ‘நான் சென்ற சுற்றுலா’ என்பது ஆண்டுதோறும் எழுதப்படும் கட்டுரை. விளம்பரத்தாளின் நடையில் எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளைப் படித்து வளரும் மாணவன், ஈபெல் கோபுரத்தின் உயரத்தை மனப்பாடமாக எழுதுவான்; தன் தெருமுனையில் வேகும் சூளையின் வெப்பத்தை எழுத அவனுக்குச் சொல் வராது. தமிழாசிரியர் அவனிடம் முதலிற் கேட்கவேண்டியது, ‘நீ எங்கே சென்றாய்?’ என்பதன்று, ‘உனக்குப் பின் அங்கே செல்பவனுக்கு என்ன சொல்வாய்?’ என்பது. பாரிசுக்குச் சென்ற மாணவனும் பக்கத்து ஊருக்குச் சென்ற மாணவனும் அவ்வினாவின் முன் ஒரே நிலையினர்.

ஆயர் ஈத்தாம் ஒரு சந்தி. பின்வருவோர்க்காகப் புல் முடிந்து வைக்கும் பழக்கத்தை, அத்தகைய சந்தியிலேயே தொடங்கலாம்.