ஊசி வேண்டும், மச்சத்தையும் மறக்க வேண்டாம்

விழித்திரைக்கு அடியில் மச்சம் இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. சர்க்கரைக்காகக் கண்ணைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் சொன்னால்தான் உண்டு. பெரும்பாலும் அது ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும். அரிதாகச் சிலருக்கு அதன்மேல் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசியும். கசிவு பார்வையின் மையத்தை எட்டினால் எழுத்து வளையும், கதவுச்சட்டம் நெளியும்.

முன்பு லேசரால் சுட்டார்கள். சுட்ட இடத்தில் பார்வை திரும்பாது. இன்று கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். அதில் விலை குறைந்தது பெவாசிஸுமாப். 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. 4 மில்லி குப்பியில் ஒரு கண்ணுக்கு 0.05 மில்லி போதும் என்பதால் ஒரே குப்பியைப் பலருக்குப் பிரிக்கலாம். ஏழைக்கு எட்டும் விலை இப்படித்தான் வருகிறது. பிரிக்கும் இடத்தில் சுத்தம் தவறினால் ஒரே நாளில் பலர் கண்ணில் கிருமி ஏறும் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. 2016இல் இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மருந்தைக் கண்ணில் போடுவது குறித்து எச்சரிக்கை விடுத்து, பிறகு விலக்கிக்கொண்டது.

இருந்தும் லேசரைவிட ஊசியே மேல். ஆனால் அதற்கான பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் முதுமையில் வரும் விழித்திரை நோய்க்குச் செய்யப்பட்டவை. மச்சத்துக்கு இருப்பவை சிறு தொகுப்புகள்தான். ஆகவே மாதாமாதம் ஊசி என்ற கணக்கை அப்படியே இங்கே பொருத்துவது சரியல்ல. மையத்தைத் தொடாத கசிவைக் கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம்.

குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருப்பவரை எண்ணிப் பாருங்கள். பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அவர் தென்காசி தாண்டி, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் பயணித்துத் திருநெல்வேலி போக வேண்டும். துணைக்கு ஒருவர், இருவருக்கும் அன்றைய வருமானம் போச்சு. ஊசிக்குப் பின் சில நாள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அருவிக்குளியல் கிடையாது. தேவையில்லாத ஓர் ஊசிகூட அவருக்குப் பாரம்.

என் பெரிய குறை வேறு. கசியும் நீர், மச்சம் புற்றாக மாறுவதற்கும் ஓர் அறிகுறி. ஊசி நீரை வற்றவைத்ததும் டாக்டரும் நோயாளியும் நிம்மதியாகிவிடுகிறார்கள். நம் மக்களிடம் இந்தப் புற்று அரிது என்பதே அலட்சியத்துக்குக் காரணமாகிறது. மச்சத்தின் தடிமன் 2 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, மேலே ஆரஞ்சு நிறம் படிகிறதா என்று ஊசிக்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

டாக்டர் ஊசி அவசியம் என்றால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் மச்சத்தின் படமும் ஸ்கேன் அளவும் எடுக்கச் சொல்லி, ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பார்வை தெளிந்த பிறகும் டாக்டர் சொல்லும் தவணையில் போய் மச்சத்தைக் காட்டுங்கள்.