சூத்திரத்தில் இல்லாத பாத்திரம்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் முதலில் கையில் எடுக்கும் புத்தகங்களில் ஜான் பால்மரின் 'ஹவ் டு ப்ரூ' ஒன்று. 2000-ல் முதல் பதிப்பை முழுசாக இணையத்தில் இலவசமாகவே போட்டார். பிறகு வந்த பதிப்புகள் இன்னும் விரிவானவை. நான் பேசப்போவது அந்த முதல் பதிப்பைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு சூத்திரத்தைப் பற்றி.

டப்பாவில் வரும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைக்காமல், முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே தொடங்குவதுதான் ஆல்-கிரெய்ன் முறை. நொறுக்கிய மால்ட்டில் வெந்நீரைக் கலந்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால், தானியத்தில் இருக்கும் நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். இதற்குப் பேர் மாஷ். பீட்டா அமைலேஸுக்கு 55–65 டிகிரி செல்சியஸ் தோது, ஆல்பா அமைலேஸுக்கு 68–72. 64-ல் நிறுத்தினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம். பீர் மெலிசாக, வறண்டு வரும். 68-ல் நிறுத்தினால் வாயில் கனம் நிற்கும். நாலு டிகிரிக்குள்தான் மொத்த விளையாட்டும்.

இந்த நொதி விவகாரத்தை, புயலில் விழுந்த மரத்தைத் தோட்டக் கருவிகளை வெச்சு துண்டு போடுகிற கதையாகப் பால்மர் சொல்கிறார். பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை இவர் ஒரு கொல்லைப்புறத்தில் முடித்துவிடுகிறார். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

குறை அடுத்துதான் வருகிறது. மால்ட்டில் ஊற்றும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கணும்? அவர் தரும் சூத்திரம் இது: இலக்கு வெப்பநிலையிலிருந்து தானியத்தின் வெப்பநிலையைக் கழியுங்கள்; 0.41-ஆல் பெருக்குங்கள், கிலோவுக்கு எத்தனை லிட்டரோ அதால் வகுத்து, வருவதை இலக்கோடு கூட்டுங்கள். அடிப்படையில் இது குளிக்க வெந்நீர் விளாவுகிற கணக்குதான். ஒரு கிலோ மால்ட், வெப்பத்தைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 0.41 லிட்டர் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளும் என்பதே அந்த எண்ணின் பொருள்.

5 கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணீர், தானியம் 20 டிகிரி, இலக்கு 67 என்று வையுங்கள். விடை 73.4. தசமப் புள்ளியைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை வருமில்லையா? ஆனால் இந்தக் கலவை அந்தரத்தில் நிற்கவில்லை. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் அது பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கூலர். அந்தக் கூலர் வெப்ப அளவில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமம், அதுவும் 20 டிகிரியில் இருக்கிறது என்று கொண்டால், மாஷ் 67-ல் அல்ல, 64.4-ல் வந்து நிற்கும். கனமான பீருக்குத் திட்டமிட்டவருக்கு மெலிசான பீர்.

தானியத்தின் வெப்பநிலையைப் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் கராஜில் கிடந்த மால்ட் 20-க்குப் பதில் 5 டிகிரியில் இருந்தாலும் மாஷ் 1.8 டிகிரிதான் இறங்கும். ஆக, சின்ன பிழைக்குச் சூத்திரத்தில் இடம் உண்டு, பெரிய பிழைக்கு இல்லை. பால்மர் படித்தது உலோகவியல் பொறியியல் என்பதை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கைதான்.

கூலரை முதலில் சுடுநீர் விட்டுச் சூடாக்கச் சொல்கிறாரே என்பீர்கள். சொல்கிறார், நல்ல யோசனையும்கூட. ஆனால் அது செய்முறையில் ஒரு படியாகத்தான் வருகிறது. அவசரத்தில் முதலில் தாண்டிப்போகிற படி அதுதான். அதைத் தாண்டினால் எவ்வளவு இழப்பு என்று தெரிந்தால் யாரும் தாண்ட மாட்டார்கள். அதே கூலரில் பாதி அளவு, 2.5 கிலோவும் 7.5 லிட்டரும் போட்டுப் பாருங்கள்: சூத்திரம் அதே 73.4-ஐத்தான் சொல்லும், மாஷோ 62-க்கு இறங்கிவிடும். 'முதல் தடவை சின்னதாகச் செய்து பார்ப்போம்' என்று தொடங்குகிற ஆள்தான் அதிகம் அடிபடுகிறார். வாரக்கணக்கில் காத்திருந்து குடித்துப் பார்த்துவிட்டு, மால்ட்டையும் ஈஸ்ட்டையும் சந்தேகப்படுவார். கூலர் மேல் சந்தேகமே வராது.

பவேரியாவின் டிகாக்‌ஷன் முறையை இதோடு வைத்துப் பார்க்கலாம். மாஷில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி ஊற்றுவார்கள். 50 டிகிரி மாஷில் மூன்றில் ஒரு பங்கு கொதித்துத் திரும்பினால், காகிதத்தில் 66–67; நடைமுறையில் சற்றுக் குறையும். தெர்மாமீட்டர் இல்லாமலே முடிகிற வேலை, ஏனென்றால் கொதிநிலை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பாத்திரமும் அதற்குள் மாஷோடு சேர்ந்து சூடேறியிருக்கும். குளிர்ந்த பாத்திரம் என்ற சிக்கலே அந்தக் கட்டத்தில் இல்லை.

கூலருக்கான எண்ணைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 20 டிகிரியில் இருக்கும் வெற்றுக் கூலரில் 75 டிகிரித் தண்ணீர் 10 லிட்டர் ஊற்றி, மூடி, பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். 70 காட்டினால், தண்ணீர் 5 டிகிரி இழந்திருக்கிறது, கூலர் 50 டிகிரி ஏறியிருக்கிறது. 10-ஐ 5-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 1 லிட்டர். மால்ட்டின் எடையை 0.41-ஆல் பெருக்கி வருவதோடு இந்த 1-ஐயும் கூட்டிக்கொண்டால் மேலே சொன்ன 5 கிலோவுக்கு 73.4-க்குப் பதில் 76.6 வரும். புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் போதும்.