கப்பலுக்கும் வகுப்புக்கும் நடுவே

சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதை நமக்கெல்லாம் ஒரே வடிவத்தில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. 1930 ஜூலை 31, பம்பாய்த் துறைமுகம். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. ஹானர்ஸ் முடித்த பத்தொன்பது வயசுப் பையன், அரசு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறுகிறான். ஏடன் வரைக்கும் கடல் கொந்தளிக்கிறது. பிறகு அடங்குகிறது. மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளைக் குள்ளன் நட்சத்திரத்துக்கு ஒரு நிறை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறான். கட். 1935, லண்டனில் எடிங்டன் எல்லோர் முன்னாலும் அவரைக் கேலி செய்கிறார். கட். 1983, நோபல் பரிசு.

நல்ல கதைதான். பள்ளி ஆண்டு விழாவில் சொல்லலாம், ஆறு நிமிட வீடியோவாகவும் எடுக்கலாம். எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். அந்தக் கப்பல் கரைக்கு வந்ததே, அதற்கப்புறம் என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 18 வெனிஸ், 19 லண்டன். கேம்பிரிட்ஜில் பருவம் தொடங்குவது அக்டோபரில். நடுவில் ஏறக்குறைய ஆறு வாரம். அந்த வாரங்களில் நடந்ததை காமேஷ்வர் வாலி எழுதிய 'சந்திரா' (1991) என்ற வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது. சென்னைக் கல்வித்துறைக்கும் லண்டனில் இருந்த இந்திய ஹைகமிஷனர் அலுவலகத்துக்கும் இடையே காகிதங்கள் குழம்பிப்போய், கேம்பிரிட்ஜில் இடம் உண்டா இல்லையா என்பதே தெரியாத நிலை. யாரை நம்பி வந்தாரோ அந்த ஆர்.எச். ஃபவுலர் விடுமுறைக்கு அயர்லாந்து போயிருக்கிறார். அவர் தலையிட்ட பிறகுதான் விஷயம் நேராகிறது.

காட்சியை யோசித்துப் பாருங்கள். நட்சத்திரத்துக்குள் நடப்பதைக் காகிதத்தில் எழுதி முடித்த ஒரு பையன், "உங்க பேர் எங்க ஃபைல்ல இல்லையே" என்கிற மாதிரியான ஒரு பதிலுக்கு முன்னால் நிற்கிறான். அவன் பையில் இருப்பது இருபதாம் நூற்றாண்டு வானியலின் மிக முக்கியமான கணக்குகளில் ஒன்று. அலுவலகத்துக்குத் தேவைப்படுவதோ வேறு ஒரு தாள்.

நாம் கப்பலை வைத்துக்கொண்டோம், அலுவலகத்தைக் கழற்றிவிட்டோம். இந்தக் கட்டுரை அந்தக் கழற்றிவிடலைப் பற்றியது.

*

வெளிநாட்டுப் படிப்பு பற்றி நம்மிடம் இருக்கிற கதைகளுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று புறப்பாடு, இன்னொன்று சாதனை. புறப்பாட்டில் அம்மா இருப்பார், கண்ணீர் இருக்கும். சாதனையில் கோட்டும் மேடையும் இருக்கும். இறங்கியாச்சு, வகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்கிற அந்த நடுத்துண்டுக்குக் கதையில் இடமில்லை. மகனாக இருந்தது முடிந்துவிட்டது, மாணவனாக இருப்பது ஆரம்பிக்கவில்லை. எங்கள் அண்ணனூர் கார் ஷெட்டில் நிற்கிற மின்சார ரயில் மாதிரி. அதுவும் ரயில்தான், ஆனால் எந்த கால அட்டவணையிலும் அப்போது அதற்குப் பெயரில்லை.

இந்தத் துண்டை நேர்மையாக எழுதியவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர், நம்பினால் நம்புங்கள், காந்தி. 'சத்திய சோதனை'யில் லண்டன் வந்திறங்கும் அத்தியாயத்தைத் தனியாக எடுத்துப் படியுங்கள். 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பல் ஏறியவர், இறங்கும்போது நல்லா இருக்கும் என்று வெள்ளை ஃபிளானல் உடை போட்டுக்கொள்கிறார். இறங்கிப் பார்த்தால் அங்கே வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டிகளையும் சாவிகளையும் ஏஜெண்டிடம் கொடுத்தாச்சு. மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமை வரை பெட்டி கிடைக்காது. பார்க்க வந்த டாக்டர் மேத்தாவின் பட்டுத் தொப்பியை ஆசையாகத் தடவிப் பார்க்கிறார், ரோமம் கலைகிறது, முதல் நாகரிகப் பாடம் அங்கேயே கிடைக்கிறது. ராத்திரி அம்மாவை நினைத்து அழுகிறார். இன்னர் டெம்பிளில் அவர் சேர்ந்தது நவம்பர் 6 அன்று. அதாவது இதெல்லாம் 'படிப்பு' என்று சொல்லத்தக்க எதுவும் தொடங்குவதற்கு முன்னால்.

இதில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. உடை, சாவி, ஞாயிற்றுக்கிழமை, தொப்பி. ஆனால் அந்நியத்தன்மை என்று நாம் கனமாகச் சொல்வது நேரில் இந்தச் சைஸில்தான் வரும். காந்தி அதைப் பெரிதாக்கவும் இல்லை, பாடமாக மாற்றவும் அவசரப்படவில்லை. வெட்கத்தை வெட்கமாகவே விட்டுவைக்கிறார்.

சீனிவாச ராமானுஜனின் வருகை வேறு மாதிரி. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ஏறி ஏப்ரல் 14 அன்று லண்டன். அங்கே இ.எச். நெவில் காரோடு காத்திருந்தார். முதல் சில நாட்கள் இந்திய மாணவர்களை வரவேற்கும் குரோம்வெல் சாலை விடுதி, அப்புறம் கேம்பிரிட்ஜில் நெவில் வீடு, அதற்கப்புறம்தான் டிரினிட்டியில் அறை. ராமானுஜனின் பிற்காலத் துயரங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் வாரங்களை ஒரு தம்பதி தங்கள் வீட்டில் வைத்துத் தாங்கிக்கொண்டார்கள். நாம் சொல்லும் கதையில் ஹார்டி நாயகன், நெவில் துணை நடிகர். இறங்கியவனின் கோணத்திலிருந்து பார்த்தால் அந்தச் சமயத்தில் நெவில்தான் இங்கிலாந்து.

மேத்தா இருந்தவர், நெவில் இருந்தவர், ஃபவுலர் ஊரில் இல்லாதவர். மூன்று வருகைகளையும் பிரிப்பது திறமை இல்லை. வந்து கூட்டிப்போக ஆள் இருந்ததா என்பதுதான்.

*

"சரிப்பா, ஒரு மாசம் காத்திருக்கிறது பெரிய துயரமா? அகதியோட காத்திருப்பைவிடவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புலம்பெயர்ந்த தமிழ் எழுத்து காத்திருப்பை ஆழமாக எழுதியிருக்கிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' அகதி வழக்கின் முறையீட்டையே கதைவடிவமாக எடுத்துக்கொண்ட நாவல். அங்கே ஒரு தாள் உயிரைத் தீர்மானிக்கிறது. மாணவனின் தாளை அதோடு சமமாக வைத்தால் அது அபத்தம். ஆனால் இலக்கியம் துயரங்களுக்கு ரேங்க் போடும் வேலை செய்வதில்லை. அகதி எழுத்து நமக்கு ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது: படிவத்தின் மொழியை இலக்கியமாக வாசிக்கும் கண். அதை நாம் மாணவன் பக்கம் திருப்பவே இல்லை.

திருப்பினால் என்ன தெரியும்? அமெரிக்க எஃப்-1 விசாவில், படிப்புத் தொடங்கும் தேதிக்கு 30 நாட்களுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு என்றால் ஒரு மாதம். ஜெர்மனியில் இன்னும் சுவாரசியம். 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் போகணும், மாதம் 992 யூரோ திரும்பி வரும். அது வர அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேணும். பல வங்கிகள் முகவரிப் பதிவைக் கேட்கும். பதிவுக்கு வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் வேணும். வீட்டுக்காரரோ, பல நேரங்களில், வங்கியில் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார். எங்க தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும், எதிலும் தவறு இருக்காது, எதுவும் நகராது.

இதற்கிடையில் இங்கே ஆவடியிலோ அம்பத்தூரிலோ அப்பா போட்ட கல்விக்கடனுக்கு, முதல் தவணை கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தவணை கட்டத்தான் விலக்கு, வட்டிக்கு இல்லை. தெருவில் வாழ்த்து ஃபிளெக்ஸ் இன்னும் இறக்கியிருக்க மாட்டார்கள். பையன் போனில் "எல்லாம் நல்லாருக்கும்மா, சாப்ட்டேன்" என்பான்.

இந்த இடத்தை இன்று நிரப்புவது மாணவர் விலாகுகள்தான். அறையைச் சுற்றிக் காட்டுவது, இந்திய மளிகைக்கடை எங்கே, சிம் கார்டு எவ்வளவு. அவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நெவில் இல்லாதவர்களுக்கு அவைதான் நெவில். ஆனால் விலாக், பிரச்சினை தீர்ந்த பிறகு எடுக்கப்படுவது. தீராத நாளில் கேமரா ஆன் ஆகாது. அதனால் அது தகவலைத் தருகிறது, வெட்கத்தைத் தருவதில்லை. அந்த வெட்கம் தனக்கு மட்டும்தான் என்று பார்க்கிறவன் நினைத்துக்கொள்வான். கதையில் இல்லாததை ஒருவன் தன் குறையாக எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

*

சந்திரசேகரின் அம்மா சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவதோடு முடிகிற நாடகம். வெளியேறிய பின் நோராவுக்கு என்ன ஆகும் என்று 1923இல் பெய்ஜிங்கில் மாணவிகள் முன் லூ சுன் ஓர் உரையே நிகழ்த்தினார். அவர் பேச்சு கடைசியில் வந்து நின்றது பணத்தில். கையில் காசு இல்லாமல் கதவைத் திறப்பது பற்றி அவருக்கு மயக்கம் எதுவும் இல்லை.

கடும் நோயில் இருந்தபோதும் மகனைப் போகச் சொன்னவர் சீதாலட்சுமி. 1931 மே 21 அன்று அவர் இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். கப்பலில் போட்ட கணக்கு, அதே ஆண்டில், இங்கிலாந்தில் அல்ல, அமெரிக்க ஆய்விதழில் வெளியானது. அன்று அவர் கண்ட வரம்பு சூரியனைப் போல் 0.91 மடங்கு. இன்று நாம் சொல்லும் 1.4க்கு அது பிறகுதான் வந்தது. அறிவியலில் இந்த இடைநிலை எண்ணை யாரும் மறைப்பதில்லை. 0.91 என்று ஆண்டோடு எழுதிவைக்கிறார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் நாம் நேராக 1.4க்குப் போய்விடுகிறோம். வாலியின் புத்தகம் அந்தத் தவறைச் செய்யவில்லை, அதனாலேயே அது எனக்கு முக்கியம். தமிழில் இதற்கு இணையாக ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்பதுகூட அதிகம். ஒரு சிறுகதை போதும். ஆகஸ்டில் போய் இறங்கி, செப்டம்பர் வரை யாருடைய சோஃபாவிலோ படுத்துக்கொண்டு, வீட்டுக்கு "சாப்ட்டேன்" என்று சொன்னவர்கள் இதைப் படிப்பவர்களில் கட்டாயம் இருப்பீர்கள். வேலை கிடைத்ததை அப்புறம் எழுதலாம். அந்த சோஃபா எந்த நிறம், எத்தனை நாள், அங்கிருந்து யார் கூட்டிப்போனார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.