யாருடைய சுமை?

ஊனமுற்றோர் உரிமை பற்றிய 1995 சட்டம் 7 வகைகளைப் பட்டியலிட்டது. 2016 சட்டம் 21 என்றது. உயர்கல்வி ஒதுக்கீடும் 3 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று. நல்லதுதான். ஆனால் 2016 பிரதியின் ஓரிடத்தில் நான் இடறுகிறேன். மாணவருக்குச் செய்துதர வேண்டிய ‘நியாயமான மாற்றங்கள்’ அளவுமீறிய சுமையாகிவிடக் கூடாதாம். எது சுமை என்று முதலில் தீர்மானிப்பது யார்? நிர்வாகம்தானே! மாடிப்படி கட்டும்போது யாரும் சுமை பற்றிப் பேசுவதில்லை. நடக்கிற உடலுக்கு அது ‘இயல்பு’. சாய்தளம் கேட்டால் மட்டும் ‘பட்ஜெட்ல இடமில்லையே சார்’. நான் படித்த கல்வி ஆய்வுகள் பலவும் நிர்வாகத்தின் நாற்காலியில் உட்கார்ந்தே, இம்மாணவர்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கின்றன. கேள்வியைத் திருப்பிப் போடுவோம்: இத்தனை காலமும் நம் கட்டடங்களைச் சமாளித்து வருபவர்கள் அவர்கள்தானே, அந்தச் சுமையை அளந்தது யார்?